கடல் கடந்த போரில் மாண்டவரின் திதியைத் தேடுவோம்

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக இந்தக் கூட்டத்தில் போஷாக்கு, சேமலாப நிதி, பிறப்புப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூட வரவு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். நம்முடைய குடும்பங்களில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத ஆட்களைப் பற்றியது.

லயத்துக்கு லயம் போகும்போது நாங்கள் இதைக் கேட்டிருக்கிறோம். "எங்க தாத்தாவோட அண்ணன் சண்டைக்குப் போனாராம், பர்மாவுல செத்துட்டாராம்" என்பார்கள். எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. எந்தப் படை என்றால் தெரியாது. படமும் இல்லை. செத்த நாள் தெரியாததால் திதியும் கிடையாது. ஆடி அமாவாசைக்கு எல்லோருக்கும் சேர்த்து வைக்கிற இலையில் அவருக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

அந்த நாளைத் தேடிக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழி இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. பலருக்குக் கிடைக்கும். ஆனால் தேடலின் முதல் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் எண்பது வயது தாண்டிய பெரியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

நம்மவர்கள் எப்படிப் போனார்கள்?

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய இராணுவம் ஏறத்தாழ 25 இலட்சம் பேராகப் பெருகியது. அதில் சுமார் 87,000 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் நம்முடைய சொந்தக்காரர்கள் உண்டு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சாவூர் என்று எந்த ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் வந்ததோ, அதே ஊர்களில்தான் பட்டாளத்துக்கும் ஆள் எடுத்தார்கள். அண்ணன் கங்காணியோடு இலங்கைக்கு வந்தால், தம்பி பட்டாளத்துக்குப் போயிருப்பான்.

இன்னொரு விதமாகவும் நடந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆட்கள் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. கல்யாணம், காரியம் என்று ஊருக்குப் போயிருந்தவர்கள் நினைத்தபடி திரும்பி வர முடியவில்லை. அடுத்த மாதமே யுத்தம் தொடங்கியது. பெண்டாட்டி பிள்ளை இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம். கையில் வேலை இல்லை. பட்டாளத்தில் ஆள் சேர்க்கிறார்கள் என்றால் போகாமல் என்ன செய்வான்?

இலங்கையிலும் ஆள் சேர்த்தார்கள். பயனியர் கம்பெனி என்று சொல்லப்பட்ட வேலைப்படைகள் இங்கிருந்து எகிப்து, வட ஆபிரிக்கா பக்கம் போயின. பாதை போடுவது, சாமான் ஏற்றி இறக்குவதுதான் அவர்களுடைய வேலை. ஆகவே "எங்க ஆள் துவக்குத் தூக்கல, சமையல்காரராத்தான் போனாரு, அதெல்லாம் பதிவுல இருக்குமா?" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், சலவை செய்தவர், சாரதி, கூலிப்படை ஆள் என்று எல்லா விதமான ஆட்களின் பெயரும் மாண்டோர் பட்டியலில் இருக்கிறது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட கதையை அவருடைய தாய் தகப்பன் சொன்னார்களா? அது 1914 செப்டம்பர், முதல் யுத்தம். முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டபோது அவர் போய்விட்டாரா, இருந்தாரா? அது 1940 ஜனவரி. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்தியா, பிந்தியா? அது 1942 ஏப்ரல் 5. மலேரியாக் காய்ச்சல் நாட்டையே வாட்டியது 1934, 35-இல். அப்போது அவர் எவ்வளவு பெரிய பிள்ளை? இப்படி நாலு கேள்வி கேட்டால் வருஷம் தானாக வந்து நிற்கும்.

அதோடு இவற்றையும் கேளுங்கள். அவருடைய தகப்பன் பெயர், பெண்டாட்டி பெயர், ஊர், அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள பெரிய ஊர், பட்டப்பெயர் இருந்தால் அது. சொல்லுகிற வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "பாலம் கட்டுற பட்டாளம்" என்று பாட்டி சொன்னால் அதைச் சும்மா விடாதீர்கள். பாலம் கட்டுவதும் பாதை வெட்டுவதும் சப்பர்களின் வேலை. மெட்ராஸ் சப்பர்ஸ் படையின் தலைமையகம் பெங்களூரில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் படைக்காரர்களைத் "தம்பி" என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். பெங்களூர் என்ற பேச்சு வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

தகரப் பெட்டியில் என்ன இருக்கும்?

முதலாவது, பதக்கம். இரண்டாம் யுத்தத்தின் நட்சத்திரப் பதக்கங்கள் ஆறு முனையுள்ளவை. பர்மா, ஆபிரிக்கா, இத்தாலி என்று எந்தப் போர்முனை என்பது அதிலேயே ஆங்கிலத்தில் இருக்கும். இந்தியப் படைக்காரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் ஆளின் இலக்கம், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பிலும் நட்சத்திரமானால் பின்பக்கத்திலும் பாருங்கள். அந்த இலக்கம்தான் தங்கம். ஒரே பெயரில் நூறு பேர் இருக்கலாம், இலக்கத்தை வைத்து ஆளைப் பிரித்தெடுக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். துலக்கத் துலக்க எழுத்து தேய்ந்துபோகும். பழைய பித்தளை வாங்க வருகிறவரிடம் கொடுத்தும் விடாதீர்கள்.

இரண்டாவது, கடிதம், தபால் அட்டை, மணியோடர் துண்டு. யுத்தமுனையிலிருந்து வந்த தபாலில் வட்ட முத்திரைக்குள் எஃப்.பி.ஓ. என்றும் ஒரு இலக்கமும் இருக்கும். அது படைத் தபாலகத்தின் இலக்கம். அந்தத் தபாலகம் அந்த மாதத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதை விஷயம் தெரிந்தவர்களால் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது, பிரஜாவுரிமைக் காகிதங்கள். 1948-இல் நம்மவர்கள் நாடற்றவர்களானபோது, யுத்தத்தில் ஆளைக் கொடுத்த குடும்பங்களும் அதே வரிசையில்தான் நின்றன. 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டத்தின் கீழும், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் போட்ட விண்ணப்பங்களின் நகல்கள் இன்னும் பல பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் அந்தக் கால எழுத்துப்படி இருக்கும். தேடுவதற்கு அதுவே திறப்பு.

பெயரை எப்படி எழுதினார்கள்?

பலர் வழுக்கி விழுகிற இடம் இது. பெயரைப் பதிந்தவர் நம்முடைய பாஷை தெரியாதவராக இருக்கலாம். காதில் விழுந்தபடி எழுதினார். முத்துசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். "முத்து"வில் டி-க்குப் பிறகு எச் போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள், இரண்டு டி போட்டும் எழுதுவார்கள். "சாமி"யை எஸ்-ஏ-எம்-ஒய் என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் எழுதினார்கள். கருப்பன் கே-யிலும் வருவான், சி-யிலும் வருவான். எல்லன் இ-யிலும் இருப்பான், ஒய்-யிலும் இருப்பான்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். திருச்சிராப்பள்ளி அங்கே "டிரிச்சினோபொலி". தஞ்சாவூர் "டேஞ்சூர்". திருநெல்வேலி "டின்னவெலி". இராமநாதபுரம் "ராம்னாட்". ஆகவே ஒரு கொப்பியில் எல்லா எழுத்து வகையையும் முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பார்த்ததைக் கோடு கிழித்துக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை போட்டுவிட்டு "இல்லை" என்று எழும்பக் கூடாது.

எங்கே தேடுவது?

1917-இல் தொடங்கப்பட்ட ஒரு அமைப்பு இருக்கிறது. இன்றைக்குப் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு என்று பெயர். இரண்டு யுத்தங்களிலும் மாண்ட சுமார் 17 இலட்சம் பேரின் பதிவு அவர்களிடம் உண்டு. இரண்டாம் யுத்தம் என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை மாண்டவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். காயத்தோடு கிடந்து யுத்தம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவரும் அதில் இருக்கலாம். இணையத்தில் பார்க்கக் காசு தேவையில்லை. பிள்ளையின் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒரு நுட்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்தப் பட்டியலில் ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆகவே அந்தக் கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள். முதற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் "இந்தியன்" என்று தெரிவு செய்யலாம். இலங்கையிலிருந்து சேர்ந்தவரானால் அந்த இடத்தையும் வெறுமையாக விடுவது நல்லது.

கிடைத்தால் இலக்கம், பதவி, படை, மாண்ட திகதி, சிலருக்கு வயது, தகப்பன் அல்லது மனைவி பெயர், ஊர் எல்லாம் வரும். கடைசியில் எந்த மயானம் அல்லது எந்த நினைவுச் சின்னம் என்று இருக்கும். "கல்லறை இல்லையா?" என்று மனம் தளராதீர்கள். இந்துக்கள் பலரை நம் வழக்கப்படி எரித்தார்கள். உடல் கிடைக்காதவர்களும் ஏராளம். அவர்களுடைய பெயர்களைச் சுவரிலும் தூணிலும் வெட்டியிருக்கிறார்கள். பர்மாவில் யங்கோனுக்கு வடக்கே உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேல். எகிப்தில் அலமெய்ன், இத்தாலியில் கசினோ ஆகிய இடங்களிலும் இந்தியப் படையினரின் பெயர்கள் உண்டு.

படை இன்னதென்று தெரிந்தபின், அந்தப் படையின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் சப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, ஊரில் உள்ள சொந்தக்காரர் மூலம் அங்கே விசாரிக்கலாம். நேரே பிரித்தானியப் படையில் சேர்ந்தவர்களுடைய பதிவுகள் 2022 முதல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. கடிதம் எழுதும்போது இலக்கத்தை முதல் வரியில் போடுங்கள். பதில் வர மாதக்கணக்காகலாம்.

ஒரு குடும்பத்தின் தேடல்

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்பத்தைந்து தாண்டிய ஒரு அப்பாயி இருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பன் ஊருக்குப் போனார், தன் தாயின் காரியத்துக்கு. தடை வந்தது, திரும்ப முடியவில்லை, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். கொஞ்சக் காலம் மணியோடர் வந்தது, பிறகு நின்றது. ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தது. கிளாக்கர் வாசித்துவிட்டு "ஆள் இல்லையாம்" என்றாராம். அப்பாயியின் தாய் அதை ஏற்கவில்லை. "கண்ணால பாக்காத சாவுக்கு நான் தாலி கழட்ட மாட்டேன்" என்றவர், சாகும்வரை கழற்றவில்லை. ஊரார் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டே கொழுந்து எடுத்து மகளை ஆளாக்கினார்.

அந்தக் காகிதம் லயம் ஒழுகினதில் போய்விட்டது. மிஞ்சினது சாமித் தட்டில் விபூதியோடு கிடந்த ஒரு பதக்கம். வருஷா வருஷம் துலக்கினதில் எழுத்துப் பாதி தேய்ந்திருந்தது. உயர்தரம் படிக்கிற கொள்ளுப்பேரன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். இலக்கத்தில் கடைசி இரண்டு எண் தெரியவில்லை. "சப்பர்" என்பது தெரிந்தது. பெயரைப் பல விதமாக எழுதிப் போட்டு மூன்று நாள் பார்த்தான். ஒன்று வந்தது. இலக்கத்தின் முன்பகுதி சரி, ஊர் சரி. கீழே இன்னாருடைய கணவர் என்று அப்பாயியின் தாய் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் அந்த அம்மாவின் பெயர்தான். 1944, ரங்கூன் நினைவுச் சின்னம், தூண் இலக்கம்கூட இருந்தது.

நாங்கள் போய் வாசித்துக் காட்டினோம். அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "என்ன கெழமை?" என்பதுதான். வியாழக்கிழமை என்றோம். "அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. கோயில் ஐயா பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்துக் கொடுத்தார். அந்த வருஷமே தனி இலை போட்டுப் படைத்தார்கள். தகப்பனுக்கு ஒன்று, பக்கத்தில் தாய்க்கு ஒன்று.

கிடைக்காவிட்டால்?

கிடைக்காதவர்களும் இருப்பார்கள். அதில் குடும்பத்தின் குற்றம் ஒன்றுமில்லை. முதல் யுத்தத்தில் ஈராக் பக்கம் மாண்டவர்களுக்காகப் பஸ்ராவில் கட்டிய நினைவுச் சின்னத்தில் 40,000-க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பெயரைக் கல்லில் வெட்டவில்லை, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் வெட்டினார்கள். 2021-இல் அந்த ஆணைக்குழுவே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆபிரிக்க நாட்டார் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலை நடக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுப் பதக்கமும் காகிதமும் சாட்சியாக வேண்டியிருக்கும். பத்திரப்படுத்துங்கள்.

மலாயா, சிங்கப்பூர் போன சொந்தக்காரர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தாலோ, சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டிருந்தாலோ, இந்தப் பட்டியலை நம்பி இருக்க முடியாது. அது வேறு தேடல்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். தேடும்போது வேறு கதையும் வரலாம். செத்ததாக நினைத்தவர் உயிரோடு திரும்பி, வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்திருக்கலாம். ஆகவே பெரியவர்களுக்கு உடனே ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். முதலில் சரிபார்த்து, வீட்டில் பொறுமையான ஒருவரோடு கலந்து, பிறகு சொல்லுங்கள்.

காசு விஷயம்

"இதுக்கு ஏதும் பணம் வருமா?" என்று கட்டாயம் கேட்பீர்கள். நஷ்டஈடு வரும் என்று நம்பித் தேடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பென்ஷன் கிடைக்கும், இங்கிலாந்திலிருந்து பணம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்து படிவம் நிரப்பக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை நகலையும் கொடுக்காதீர்கள். பதக்கத்தைப் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டாலும் கையை விட்டு விடாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கண்டிக்குப் போகிறவர்கள், பேராதனைப் பக்கம் போகும் வழியிலுள்ள யுத்த மயானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுமார் 200 கல்லறைகள். பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் இல்லை. நம்மவர் எங்கோ தூர தேசத்தில் எப்படிக் கிடக்கிறார் என்பதை அங்கே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, ஒரு வேலை தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பட்டாளத்துக்குப் போன ஆள் உள்ள வீட்டார் ஒரு கொப்பித் தாளில் ஐந்து விஷயம் எழுதிக் கொண்டுவாருங்கள்: அவர் பெயர், தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், கடைசியாகச் செய்தி வந்த காலம். பதக்கமோ கடிதமோ இருந்தால் துலக்காமல், மடிக்காமல், துணியில் சுற்றி எடுத்துவாருங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் கூட இருந்து தேடிப் பார்க்கிறோம். படிவமும் கடிதமும் ஆங்கிலத்தில் எழுத உதவுகிறோம். இதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

இன்றைக்கு இரவே வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குங்கள்.